செத்தவள் நீட்டிய தீர்த்தம்

மிஷன் ஆஸ்பத்திரியில் காலை ஜெபத்துக்கு எல்லோரும் கூடி நிற்கும்போது, நர்ஸ் ஞானம்மாள் ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். தன் பாவங்களைப் பொறுக்கும்படி கேட்பாள். தனக்குத் தீங்கு செய்தவர்களைத் தானும் பொறுத்துவிட்டதாகச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அதைக் கடந்த பிறகு சேர்ந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கும் ஆயா வள்ளிக்கண்ணுவுக்கு மட்டும் இது தெரியும்.

"ஆண்டவர்கிட்ட பொய் சொல்ல வாய் வரலையாக்கும்," என்பாள்.

பொய்தான் வரவில்லை. ஞானம்மாள் ஒரு காலத்தில் ஸ்ரீரங்கத்துக் கமலவல்லி. தாலியறுத்து, தலையை மழித்து, மூலையில் உட்காரவைக்கப்பட்டவள். வீட்டுக்கு வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த மிஷன் அம்மாள் மூலம் வேதம் கைக்கு வந்தது. அவள் ஞானஸ்நானம் பெற்ற வாரமே அண்ணன் பராசரன், உயிரோடிருப்பவளுக்குக் குடம் உடைத்துக் கருமம் செய்து, காவேரியில் தலைமுழுகினார். அதைக்கூட அவள் பொறுத்தாள். ஊர் வாய்க்குப் பயந்த மனுஷர், வேறென்ன செய்வார்? ஆனால் படுக்கையில் கிடந்த அம்மாவிடம், "அவ வாந்திபேதியில போயிட்டா" என்று சொல்லிவிட்டாரே. பெண்ணைக் காட்டு, காட்டு என்று அரற்றிக்கொண்டிருந்த அம்மா அதன்பின் கேட்கவில்லை, சாப்பிடவுமில்லை. அம்மா போன செய்தியோடு இதையும் பால்காரிதான் வந்து சொன்னாள்.

அந்தப் பராசரனைத்தான் 1941 ஆடியில், ஒரு கண்ணில் புரை அறுத்து, இரண்டிலும் கட்டுப் போட்டு அவள் வார்டில் கிடத்தியிருந்தார்கள். டாக்டரின் கைராசியை நம்பி வந்தவர். தலை அசைந்தால் அறுத்த கண் போய்விடும் என்று இருபுறமும் மணல்மூட்டை. ஞானம்மாள் அவர் காதுபட வாயே திறக்கவில்லை. கேட்பதையெல்லாம் வள்ளிக்கண்ணுவை விட்டுக் கேட்டாள். ஆஸ்பத்திரித் தண்ணீர் அவர் ஆசாரத்துக்கு ஆகாது. மகன் கோபு பித்தளைச் செம்பில் ஆற்றுநீர் கொண்டுவருவான்.

ஆற்றில் வெள்ளம் வந்த அன்று பாலத்தில் வண்டி விடவில்லை. கோபு வரவில்லை. மத்தியானத்துக்குள் பராசரனுக்கு நாக்கு உலர்ந்துபோயிற்று. அருகே காலடிச் சத்தம் கேட்டது.

"கோபு, தீர்த்தம் கொண்டுவந்தியாடா?"

ஞானம்மாள் டம்ளரோடு நின்றாள். ஊங்கொட்டினால் போதும், குடித்துவிடுவார்.

"கொடுத்துடுங்கம்மா, யாருக்குத் தெரியப்போவுது," என்று வள்ளிக்கண்ணு கிசுகிசுத்தாள்.

அம்மாவுக்கு அவர் சொன்னதும் இப்படி ஒரு பொய்தானே என்று தோன்றியது. துடிக்கிறவளைப் பார்க்கப் பொறுக்காமல், எதையாவது சொல்லி அடக்கப் பார்த்தாரோ என்னவோ. எத்தனையோ வருஷம் முழங்காலில் நின்று கேட்டும் வராதது, கையில் டம்ளரோடு நிற்கையில் வந்தது. அது தன் சாமர்த்தியம் இல்லை, தனக்குக் கொடுக்கப்பட்டது என்றுதான் பிற்பாடும் நம்பினாள்.

"கோபு வரலை அண்ணா. நான் கமலவல்லி. இது ஆஸ்பத்திரித் தீர்த்தம், காய்ச்சி ஆறவெச்சது. அம்மாகிட்ட நீ சொன்னதை நான் பொறுத்துட்டேன்."

"என் தங்கை போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு," என்றார் பராசரன், கூரைக்குச் சொல்வதுபோல. "செத்தவா வந்து மன்னிக்கறதாவது. எடுத்துண்டு போ."

"நாக்கையாவது நனைச்சுக்கோ."

டம்ளர் உதட்டில் பட்டதுதான் தாமதம், தலையை வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திருப்பினார். மணல்மூட்டை தரையில் விழுந்தது.

அறுத்த கண் அன்றே போயிற்று. டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. வயசானவர்கள் அசையத்தான் செய்வார்கள் என்றார். வெள்ளம் வடிந்ததும் கோபு வந்து கூட்டிப்போனான். வழியில் அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கி, கண்கட்டோடு காவேரியில் முழுகிவிட்டுத்தான் வீடு சேர்ந்தாராம். வண்டிக்காரன் வந்து சொன்னான்.

மறுநாள் ஜெபத்தில் ஞானம்மாள் வாயை மூடவில்லை. அந்த இடத்தைச் சத்தமாகவே சொன்னாள். குரல் உடைந்தது அதற்கு முன்னால், தன் பாவத்தைப் பொறுக்கும்படி கேட்ட இடத்தில்.

வார்டுக்குத் திரும்பி, காலிக் கட்டிலின் விரிப்பை இருவரும் உருவினார்கள்.

"இன்னிக்குச் சொல்லிட்டீங்களே," என்றாள் வள்ளிக்கண்ணு. "மனசு லேசாச்சாம்மா?"

"இல்லடி. பொறுத்தது நிஜந்தான். டம்ளரை அவர் உதட்டுல வெச்சது அவருக்காகவா, எனக்காகவான்னுதான் தெரியலை."