உப்பைத் துறந்த ஐயம்பெருமாள்

கல்லிடைக்குறிச்சி ஐயம்பெருமாள் பிள்ளை, தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளைத் தூங்கவைத்துவிட்டு 1993-ல் ஓய்வுபெற்றவர். மறுவருஷமே கண்ணில் புரை விழுந்து, பேப்பர் படிக்க முடியாமல் போயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போன இடத்தில் ரத்த அழுத்தம் நூற்றெண்பது காட்டியது. "இது இறங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்பாசமுத்திரம் டாக்டர் பீர் முகம்மது மாத்திரை எழுதிக்கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதெல்லாம் பிள்ளையின் பரம்பரையிலேயே கிடையாது, துறந்தே விட்டார். உப்பு ஜாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். மனைவி நீலாம்பாள் வைத்த சப்பென்ற குழம்பைப் போருக்குப் புறப்படுகிறவர் முகத்தோடு உண்டார்.

மூன்று மாதமாயிற்று. அழுத்தம் அசையவில்லை.

வீட்டுக்குள் சதி நடக்காமல் இப்படி ஆகாது என்று பிள்ளை முடிவுகட்டினார். விசாரணை தொடங்கியது. குழம்பை மோந்து பார்த்தார். நீலாம்பாள் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தால், வாசலிலேயே நிறுத்திச் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

"வெத்திலையும் பாக்குந்தான். நக்கிப் பாக்கியளா?" என்றாள் அவள்.

அடுத்த முறை அவளைக் குற்றவாளியாகவே டாக்டர் முன்னால் நிறுத்தினார். கூடவே, அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியின் மரியாதைப்படி ஒரு கட்டு அப்பளத்தையும் மேசைமேல் வைத்தார்.

"இவ எங்கனயோ உப்பு வாங்கிப் போடுதா டாக்டர். நீங்களே கேளுங்க."

டாக்டரின் பார்வை கட்டின்மேல் இருந்தது. "இத நீங்களும் சாப்பிடுதியளா அண்ணாச்சி?"

"சோறு சப்புன்னுல்லா இருக்கு? வேளைக்கு எட்டு பொரிச்சாத்தான் உள்ள இறங்குது."

"உளுந்துல உப்பு போட்டுத்தான பிசையுதாங்க? போதாததுக்கு, பொரியும்போது உப்பி வர அப்பளக்காரம் வேற. ரெண்டுலயும் சோடியம். பிரஷர ஏத்துததே அதான். உங்களுக்குச் சிறுநீரகம் நல்லா இருக்கு. கீரை, வாழைத்தண்டு, பழம்னு சாப்பிடுங்க. அதுல உள்ள பொட்டாசியம் சோடியத்த வெளிய தள்ளும். அப்பளத்த விட்டுருங்க."

ஜாடியைப் பூட்டினால் உப்பு ஒழிந்தது என்றல்லவா பிள்ளை நம்பியிருந்தார்! பிறந்த ஊரே அப்பளமாக வந்து முதுகில் குத்தியிருந்தது. பேருந்தில் ஏறியும் பெருமூச்சு நிற்கவில்லை.

நீலாம்பாள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பளம் துரோகம் பண்ணிட்டுன்னு இவ்வளவு துக்கப்படுதியளே, முப்பது வருஷம் ஆக்கிப் போட்டவள வாசல்ல நிறுத்திச் சோதனை போட்டியளே, அதுக்கு என்ன பேரு?"

பிள்ளை கண்டக்டரைக் கூப்பிட்டு, கல்லிடைக்குறிச்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார்.

அன்று மத்தியானம் கீரையும் வாழைத்தண்டும் ஆக்கி மூடிவைத்திருந்தாள். பரிமாற மட்டும் வரவில்லை.