கம்பி மாட்ட மறுத்த கார்

எழுபதுகளின் தொடக்கம். அவிநாசியில் எங்கள் பனியன் கம்பெனிக்கு ஒரு பழைய கார் இருந்தது. கணவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், பனியன் மூட்டைகளை அதில் ஏற்றி, நானே திருப்பூர் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். "பொம்பளை கார் ஓட்டினா ஊரே சிரிக்கும்" என்று சொல்லும் அவருடைய அக்கா, என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே ஏறிக்கொண்டார். அவரை நங்கையா என்று கூப்பிடுவேன்.

பாதி வழியில் எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டிப் பார்த்தால், தண்ணீர்க் குழாய் தளர்ந்திருந்தது. எஞ்சினுக்கு மேலே குறுக்காக, இரு பக்கத்தையும் பிடித்திருந்த இரும்புக் கம்பியைக் கழற்றினால்தான் உள்ளே கை நுழையும். சூடு ஆறியதும் கழற்றிக் குழாயை முடுக்கினேன். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். ஆனால் கம்பியைத் திரும்ப மாட்டப்போனால் போல்ட் துளைகள் சேரவே இல்லை. ரயில் போய்விடுமே என்று அழுகை வந்துவிட்டது.

நங்கையா இறங்கி வந்து பார்த்தார். "ஏங் கண்ணு, ஒரு சக்கரம் பள்ளத்துல கெடக்குதே? மேடுபள்ளத்துல நின்னா கட்டில் சட்டங்கூடச் சேராது. வண்டியைக் கெளப்பு, நான் தள்றேன்."

"உங்களுக்கு எதுக்குங்க நங்கையா?"

அதற்குள் அவர் சேலையை இழுத்துச் செருகியிருந்தார். கார் சமமான இடத்துக்கு ஏறியதும் போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

ரயிலுக்கு மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. திரும்பும்போது நங்கையா மெல்லக் கேட்டார்: "எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவியா, கண்ணு?"

அவர் மனசில் அப்படியொரு ஆசை இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. காலியான ரோட்டில் வண்டியை நிறுத்தி, இடம் மாறி உட்கார்ந்தேன்.