கடைசி வரியைப் படிக்கச் சொல்கிறவர்

வலது கையில் தன் போன், இடது கையில் மாடி வீட்டுக்காரரின் போன். இரண்டையும் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வந்ததும், "இங்க உங்க சிக்னல் ஒரு கோடு சார், என்னுது மூணு" என்பார். சமையலறை ஜன்னலோரம் நின்று கையைத் தூக்குவார். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டுவார். துணி பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே இரண்டு போனையும் வைத்து மூடி, பத்து எண்ணி, திறந்து பார்ப்பார். மாடி வீட்டுக்காரர் அதற்குள், "முடிஞ்சா குடுங்க சார், ஆபீஸ்ல கூப்பிடுவாங்க" என்று மூன்று தடவை கெஞ்சியிருப்பார்.

"பீரோவுக்குள்ள உக்காந்து யாரோட பேசப் போறீங்க?" என்பாள் மனைவி. "அடுத்தவங்க போனைத் தூக்கிக்கிட்டு பாத்ரூமுக்குப் போற ஒரே ஆம்பளை நீங்கதான்."

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் கனமான வட்ட ஃப்ரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போடுவார், எடுப்பார், இன்னொன்றைப் போடுவார். "இது நல்லா இருக்கா... இல்ல, இது நல்லா இருக்கா? அவசரமே இல்லைங்க. திரும்பப் போடறேன். இது... இது." ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இதைக் கேட்கிற மனிதர், ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் இரண்டை எடுத்து மாற்றி மாற்றி மோந்து பார்க்காமல் வரமாட்டார். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எந்த லென்ஸை எடுத்துட்டு என்னைப் போட்டுப் பாத்தீங்களோ" என்று மனைவி கேட்டால், சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

போன் கம்பெனிகளை ஒப்பிட்ட கணக்கெல்லாம் கடையில் மீந்த சீட்டுகளில் இருக்கும். 'வலது கண்' என்று அச்சடித்த கட்டத்தில் ஒரு கம்பெனி, 'இடது கண்' கட்டத்தில் இன்னொன்று. எத்தனை நாள், தினம் எவ்வளவு டேட்டா, அது தீர்ந்தபின் எவ்வளவு நொண்டும், பீரோவுக்குள் எத்தனை கோடு. கம்பெனிகளின் பெயரை அவர் சொல்வதில்லை. பதிவு செய்த குரலை வைத்து அவரே பெயர் சூட்டியிருந்தார்: சிரிப்பம்மா, அவசரம்மா, சளியம்மா. மூன்று பேரையும் அப்படியே பேசிக் காட்டுவார். சிரிப்பம்மா கெட்ட சேதியையும் பல் தெரியச் சொல்வாள்: "உங்கள் திட்டம் இன்றோடு முடிவடைகிறது!" அவசரம்மா மூச்சே விடமாட்டாள். சளியம்மாவுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு: "உங்கள் அழைப்பு எங்களுக்கு பிகவும் புக்கியம்."

ஒன்பது வருஷமாக அவர் சிரிப்பம்மாவோடுதான் குடித்தனம். ஒன்பது வருஷமாக விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டலும்.

கடையில் அவரைப் பார்த்தால் இந்த வாயா அது என்று தோன்றும். "இதைப் போட்டா தரை மேலே ஏறி வருதுய்யா, என்ன கண்ணு பாத்தே?" என்று ஒருவர் கண்ணாடியை மேஜையில் வீசுவார். "மன்னிச்சுக்குங்க சார், திரும்பப் பாத்துடலாம். என் தப்புதான்." அவர் தப்பாக இருக்காது. வீசியவர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும், "என் தப்புதான்" என்றே சொல்வார். காலையிலிருந்து மதியம் வரை இப்படிக் குனிந்த முதுகு, ஷட்டரைப் பாதி இறக்கிச் சாப்பிடும் நேரத்தில்தான் நிமிரும். வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, காலை நீட்டி, சிரிப்பம்மாவின் வாடிக்கையாளர் சேவைக்குப் போடுவார். மறுமுனையில் ஒரு பெண் வந்ததும் அவர் குரல் வயிற்றிலிருந்து கிளம்பும்.

"இருபத்தெட்டு நாள்னா அது எந்தக் காலண்டர்ல மாசம்? உங்க ஆபீஸ்ல இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை சம்பளம் தராங்களா? தரலைல்ல? நான் உங்களை விட்டுப் போறேன்." அந்தப் பெண் ஏதாவது சலுகை சொல்லுவாள். அங்கேதான் அவருடைய பிடி. "நிபந்தனை எல்லாம் உன் ஸ்கிரீன்ல இருக்கில்ல? மேல் வரியை எல்லாரும்தான் படிப்பாங்க. கடைசி வரியைப் படிம்மா." அவள் தேடுவாள். "தெரியலையா? அப்ப ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படி." எப்படியும் பத்து நாளுக்குக் கூடுதல் டேட்டா வாங்கிவிடுவார். கடைசியில், சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டு சிரிப்பம்மா வருவாள். ஒன்றை அழுத்துவார். "நல்லாத்தானே பேசிச்சு அந்தப் பொண்ணு?" என்று கடையில் லென்ஸ் பொருத்தும் ஃபிட்டர் கேட்டால், "நல்லாப் பேசினாலும் ஒண்ணுதான். அப்பதான்யா ஒரு பயம் இருக்கும்" என்பார்.

ஒருநாள் மறுமுனையில் வந்த பெண்ணுக்கு விக்கல். கடைசி வரியைப் படிக்கச் சொன்னதும் விக்கல் இன்னும் கூடிவிட்டது. "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா தாயி. நான் எங்கயும் போகல, உங்க கம்பெனியை விட்டுத்தான் போறேன்" என்றார். அவள் போய்க் குடித்துவிட்டு வந்து, "மன்னிக்கணும் சா—ஹ்க்—ர்" என்றாள். ஒன்றை அழுத்திவிட்டு, ஃபிட்டர் முன்னால் அதை நடித்துக் காட்டினார். "இந்தச் சலுகை பத்—ஹ்க்—து நாட்களுக்கு—ஹ்க்—" ஃபிட்டருக்குச் சிரிப்பில் புரையேறி, வாயிலிருந்த சோறு எதிர்ச் சுவரில் கண் பார்க்க மாட்டியிருந்த எழுத்துப் பலகை வரை போயிற்று. அந்த வாரம் முழுக்கக் கடையில் யார் எதைக் கேட்டாலும் பதில் ஹ்க் தான்.

அவர் வீட்டில் மூன்று மாதமாக மனைவியின் அக்கா மகள் தங்கியிருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் பேசுகிற வேலை. எந்தக் கம்பெனிக்காகப் பேசுகிறோம் என்று வெளியே சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கியிருந்தார்கள், அவளும் சொல்லவில்லை. ஏதோ பேங்க் என்று இவராக நினைத்துக்கொண்டார். அவளுக்குச் சித்தப்பா என்றால் உயிர். தலைவலி என்றபோது நாற்காலியில் உட்காரவைத்து, அரைமணி நேரம் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "அவசரமே இல்லம்மா, நிதானமா சொல்லு" என்று கேட்ட மனிதர் ஆயிற்றே. "சித்தப்பா மாதிரி ஒரு கஸ்டமர் வந்தா கும்பிட்டுட்டு வேலை பாப்பேன் சித்தி" என்று அடிக்கடி சொல்லுவாள். அவளும் நன்றாகக் குரல் மாற்றுவாள். வீட்டில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பக்கத்து வீடுகளைப் பேசிக் காட்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவள் உற்சாகத்தில் இருந்தாள். அடுத்த திங்களிலிருந்து ஆபீஸில் அவளுக்கு வேறு சீட்டாம்.

"போறேன் போறேன்னு மிரட்டறவங்களைப் புடிச்சு வெக்கற சீட்டு சித்தப்பா. ப்ளான் முடியறதுக்கு முன்னாடி நாங்களே கூப்பிடணும். லிஸ்ட் இருக்கு. லிஸ்ட்ல முதல் ஆளு யாரு தெரியுமா? எங்க ஆபீஸ்ல அவனுக்குப் பேரே 'கடைசி வரி'."

அவர் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதை வைக்கவில்லை.

"எப்படிப் பேசுவான் பாருங்க, ஆபீஸ்ல எல்லாரும் பேசிக் காட்டிக் காட்டி எனக்கும் வந்துடுச்சு." கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டினாள். வயிற்றிலிருந்து குரல் வந்தது. "மேல் வரியை எல்லாரும்தான் படிப்பாங்க. கடைசி வரியைப் படிம்மா! தெரியலையா? ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படி!"

அச்சு அசலாக இருந்தது. இழுவை, நடுவில் விடுகிற மூச்சு, 'படி'யில் விழுகிற அடி, எல்லாம். அவருக்குச் சிரிப்பு வந்ததுதான் கொடுமை. பாதிச் சிரிப்பில்தான் யாருடைய குரல் என்று உறைத்தது. வாயை மூடவும் முடியவில்லை. கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்தக் குரலைக் கேட்டிருந்த மனைவி, சோறு போட எடுத்த கையை அப்படியே நிறுத்தி, அவரைப் பார்த்தாள்.

"எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு சித்தி. பயந்தா விக்கல் வரும், பாவம். ட்ரெய்னிங் மாசம். ஏற்கனவே ரெண்டு பேரு ஒண்ணு போட்டிருந்தாங்க. இவன் மூணாவது. மூணு ஒண்ணு வந்தா அனுப்பிடுவாங்க. அன்னிக்கு சாயங்காலமே பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா."

"இப்ப..." அவர் டம்ளரை வைத்தார். "இப்ப என்ன பண்ணுது அந்தப் பொண்ணு?"

"தெரியல சித்தப்பா. கூப்பிட்டா எடுக்கறதில்ல. போன் மணி அடிச்சாலே விக்கல் வருதுன்னு மெசேஜ் போட்டிருந்தா." கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் மட்டும் என் லைன்ல வரட்டும்."

"கை காஞ்சு போச்சு பாரு, போய்க் கழுவு" என்று மனைவி அவளை எழுப்பினாள். அவள் போனதும், தாழ்ந்த குரலில், "சொல்லிடறீங்களா?" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

மனைவி தட்டுகளை அடுக்கினாள். இத்தனை வருஷமாக வாய்க்கு வாய் பேசுகிறவள், அன்று ஒரு குத்தல்கூடப் பேசவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஃபிட்டர் சிரித்ததும், தான் ஹ்க் ஹ்க் என்று ஆடிக் காட்டியதும் நினைவுக்கு வந்து, தனியாக உட்கார்ந்திருக்கும்போதே முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அவருடைய ப்ளான் முடிய இன்னும் பத்து நாள். அந்த சீட்டில் அவள் உட்காரப்போவது எட்டாம் நாள்; உட்கார்ந்ததும் முதலில் கூப்பிடப்போவது அவர் நம்பரை. சாயங்காலம் கணக்கெழுதிய கடைச் சீட்டுகளை எடுத்துக் கட்டில் மேல் பரப்பினார். ஒன்பது வருஷத்துச் சீட்டுகள். வலது கண்ணில் பார்த்தாலும் இடது கண்ணில் பார்த்தாலும் ஜெயித்தது சிரிப்பம்மாதான். நாளிலும் அவள், டேட்டாவிலும் அவள், பீரோவுக்குள்ளும் அவள். இத்தனை நாள் விட்டுப் போகாததற்குக் காரணம் அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவசரம்மா அடுத்தபடி. ஆனால் அவசரம்மாவின் லைனும் தன் ஆபீஸ் கட்டடத்தில்தான் என்று அன்று சாப்பிடும்போதே அக்கா மகள் வாய் தவறிச் சொல்லியிருந்தாள். மிச்சம் சளியம்மா. எல்லாக் கட்டத்திலும் கடைசி. வீட்டுக்குள் எந்த மூலையிலும் ஒரு கோட்டுக்கு மேல் எழுந்திருக்காதவள்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி மாற விருப்பம் என்று அதே நம்பரிலிருந்து மெசேஜ் அனுப்பினார்.

செவ்வாய் மதியம் கடையில் அவருக்கு அழைப்பு வந்தது. பழக்கமில்லாத ஒரு பெண் குரல். "சார், நீங்க எங்களை விட்டுப் போறீங்கன்னு... காரணம் தெரிஞ்சுக்கலாமா சார்?" எப்போதும் நாற்பது காரணம் வைத்திருக்கிறவர், "சும்மாதாம்மா" என்றார். "முழுசா முப்பது நாள் தரோம் சார்" என்றாள். ஒன்பது வருஷமாக அவர் சண்டை போட்டது அதற்குத்தான். பிறகு அவராகக் கேட்பதற்கு முன்பே, குறிப்பில் எதையோ பார்த்துவிட்டவள் போல, அவசர அவசரமாக, "கடைசி வரியும் படிச்சிடறேன் சார்" என்றாள்.

"வேண்டாம்மா" என்றார். "படிக்க வேண்டாம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஃபிட்டர் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்ன சார், இன்னிக்கு ஹ்க் இல்லையா?" என்றார். அவர் எழுந்துபோய் ஷட்டரைத் தூக்கினார். திறக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

சனிக்கிழமை சளியம்மா குடிவந்தாள். அதிலிருந்து வீட்டில் போன் அடித்தால் அவர் செருப்புகூடப் போடாமல் மாடிப்படிக்கு ஓடவேண்டும். மூன்றாவது படியில் நின்று, கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டினால் பேசலாம். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தவர், "என் போன் வேணுமா சார்?" என்றார், சந்தோஷமாக. அக்கா மகளுக்கு ஒரே சிரிப்பு. "பீரோவுக்குள்ள எல்லாம் வெச்சு அளந்து பாத்து, கடைசில இதையா சித்தப்பா எடுத்தீங்க?"

"கண்ணு சரியில்லம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நாளைக்குப் புது சீட்டு. பயமா இருக்கு. நீங்க கஸ்டமராப் பேசுங்க, நான் பதில் சொல்லிப் பழகிக்கறேன். அந்தக் கடைசி வரி மாதிரியே பேசணும், சரியா?"

மனைவி வாசலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடிக்கூட்டை எடுத்துக் காதில் வைத்தார். "வணக்கம்மா. எனக்கு... ஒரு ப்ளான் விவரம் வேணும்மா."

"ஐயோ சித்தப்பா! அவன் இப்படியா பேசுவான்? நான் பயப்படணும். திட்டுங்க."

"என்னன்னு திட்டறது?"

"அதான் அன்னிக்குச் சொல்லிக் காட்டினேனே. வயித்துலேர்ந்து வரணும் குரல். 'கடைசி வரியைப் படிம்மா!' சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். "கடைசி..." அதற்குமேல் வரவில்லை. கண்ணாடிக்கூடு காதிலேயே இருந்தது.

"சித்தி, இங்க பாரேன்! ஊர்ல இருக்கற குரலெல்லாம் பேசறவருக்கு இது ஒண்ணு வரலை. சுட்டுப் போட்டாலும் வராது." அவள் கைகொட்டிச் சிரித்தாள். மனைவி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். திரும்பவில்லை.

"சரி, விடுங்க, முடிச்சுக்கலாம்." அவள் முதுகை நேராக்கி, பல் தெரிய, சிரிப்பம்மாவாக மாறினாள். "எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்! மிக மோசம் என்றால் ஒன்று. மிக நன்று என்றால் ஐந்து!" பொத்தான் பலகை போல உள்ளங்கையை அவர் முன் நீட்டினாள்.

அவர் கண்ணாடிக்கூட்டைக் கீழே வைத்தார். ஐந்து விரலையும் விரித்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"நன்றி! பதிவாயிடுச்சு. கையை எடுங்க சித்தப்பா" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

அவர் எடுக்கவில்லை.