நாகர்கோவிலா, திருத்தணியா?

போன வாரம் எங்கள் வீட்டு மாடிக்கு ஒருவர் குடிவந்தார். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு டூல் பாக்ஸ், ஒரு சாக்கு நிறையத் தேங்காய்.

புது வாடகைக்காரர் அல்ல. மூன்று வருடமாக மாடியில் இருக்கும் ஷைனி டீச்சரின் கணவர் சுஜின். இதுவரை லீவுக்கு வருவார், இரண்டு நாள் இருப்பார், வெயிலைத் திட்டுவார், நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடுவார். இந்த முறை ரிட்டர்ன் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறார்.

"நிஜமாவே இங்கயே இருக்கப் போறீங்களா?" என்றேன்.

"ஆமாக்கா. பொண்டாட்டியும் பிள்ளையும் இங்க... நான் மட்டும் அங்க நல்ல காத்து வாங்கிட்டு என்ன செய்ய?"

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார். இந்தப் பதில் வருவதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஷைனி கணக்கு டீச்சர். அரசு வேலை கிடைத்தபோது தெற்கே காலியிடம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து அம்மையார்குப்பம் போகும் வழியில் ஒரு பள்ளியில்தான் போட்டார்கள். மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி! இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் ஆந்திரா.

வந்த முதல் மாதமே எங்கள் ஊருக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க ஊர்ல வருசத்துக்கு ரெண்டு மழைக்காலம், கேட்டேளாக்கா. கிணத்துத் தண்ணிய அப்படியே கோரிக் குடிக்கலாம். இங்க பாருங்க, குக்கருக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு!"

நான் சும்மா இருப்பேனா? மலையைக் காட்டினேன். ரயிலைக் காட்டினேன். ஏறி உட்கார்ந்தால் சென்னை என்றேன்.

"சென்னை நல்ல ஊருன்னு யாரு சொன்னா?" என்றாள்.

நேர்மையாகச் சொல்வதென்றால் தோற்றது நான்தான். மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ஆடிக் கிருத்திகை வந்தால் தெருவிலிருந்து ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது. மீன் என்று ஒன்று வரும் – ஐஸில் பல நாள் தூங்கி எழுந்த மீன். மழை, தண்ணீர், பச்சை, மீன்... ஒரு பாடத்திலும் நாங்கள் பாஸ் ஆகவில்லை. பேச்சிலும் ஃபெயில்தான். "'கணக்கு போட்டுகினு கீறேன் மிஸ்'னு பிள்ளைங்க சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துருதுக்கா" என்பாள்.

டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் எப்போது வரும் என்று அவள் காத்திருந்ததில் என்ன தப்பு? கணவர் அங்கே, வீடு அங்கே. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால், ஆன்சி இருந்தாள்.

ஆன்சி, ஷைனியின் மகள். பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின், தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான ஒரு வில்லை. அதை மாட்டியதும் குழந்தை கடகடவென்று பேசிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். சத்தம் கேட்கும், ஆனால் எது நாய், எது குக்கர் விசில், எது அம்மா என்று மூளை அ, ஆ-விலிருந்து படிக்க வேண்டுமாம். அதற்குப் பயிற்சி. சனிக்கிழமை தோறும் அம்மாவும் பெண்ணும் சென்னைக்கு மின்சார ரயில்.

பயிற்சி தருபவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "வாரத்துல ஒரு மணி நேரம் நான் பேசறது பத்தாதும்மா. மத்த நேரமெல்லாம் இவகிட்ட யாராவது பேசிக்கிட்டே இருக்கணும். பதில் வரலைன்னாலும் பேசணும்."

ஷைனிக்கோ கூச்சம். மெஷின் தெரியாமல் குழந்தையின் முடியை இழுத்துவிடுவாள். ரயிலில் ஜன்னலோரமாகத் திருப்பி உட்காரவைத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மணவூரில் ஒரு பெண் கொய்யாக் கூடையோடு ஏறினாள். பெயர் கன்னியம்மா என்று பிறகுதான் தெரிந்தது. எதிரே உட்கார்ந்தவள் ஆன்சியைப் பார்த்து ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா கண்ணு, காலைல இன்னா துன்ன?"

ஷைனி குரலைத் தாழ்த்தி, "அவளுக்குக் காது கேக்காதும்மா" என்றாள்.

"அதான் மெஷின் கீதே?"

"இருக்கு... ஆனா பேச மாட்டா."

"நாம பேசினாத்தானம்மா அது பேசும்? கேக்கறதுக்குத்தான மெஷின் வெச்சிகீறாங்க? சும்மா உக்காரவா வெச்சாங்க?"

சொல்லிவிட்டுத் திருவள்ளூர் வரை பேசினாள். கொய்யாவைப் பற்றி, மருமகளைப் பற்றி, தண்டவாளத்தில் நின்ற மாட்டைப் பற்றி. எல்லாம் ஆன்சியிடம்! அந்தக் குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்ததாம். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது ஷைனி சிரித்தாளா, அழுதாளா... இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவள் முடியை இழுத்துவிடுவதை நிறுத்திவிட்டாள். தெரு மொத்தமும் பேச ஆரம்பித்தது. எங்கள் முனையில் பாஷா பாயின் டூ வீலர் மெக்கானிக் ஷெட். குழந்தை அந்தப் பக்கம் போனால் போதும் – "ஏய் ஆன்சி! எங்க போயிகினு கீற?" என்று ஷெட்டே அதிரும். திரும்பிப் பார்க்காவிட்டால் ரிப்பேருக்கு வந்த வண்டியின் ஹாரனை அடிப்பார். திரும்பிப் பார்க்கும்வரை அடிப்பார். மதியம் தூங்க முடியவில்லை என்று என் கணவர் இரண்டு முறை சண்டைக்குப் போய்விட்டார்.

அம்மா, தண்ணி, வேணாம் என்று ஒற்றை ஒற்றையாக வார்த்தைகள் வந்தன. போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, மணவூரில் ரயில் நின்றது. கன்னியம்மா ஏறவில்லை. ரயில் கிளம்பியது. ஆன்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"அத்த வர்ல. இன்னாத்துக்கு?"

அந்தக் குழந்தை தன் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி!

"ஏன்னு கேட்டிருந்தா நான் சொல்லிக் கொடுத்ததுன்னு நினைச்சிருப்பேன்க்கா. இன்னாத்துக்குன்னு கேட்டா. அது நான் சொல்லிக் கொடுத்ததே இல்ல" என்றாள் ஷைனி.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனார்கள். நான் அந்த வீட்டை போட்டோவில் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் தென்னை, பலா, வாசல் வரை நிழல். அங்கே எல்லோருக்கும் ஆன்சி மேல் உயிர். பிரச்சினையே அதுதான். குழந்தை கையை நீட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிடும். முகத்தைச் சுளிப்பதற்குள் சாப்பாடு மாறிவிடும். "பாவம் பிள்ள, தொந்தரவு செய்யாதீங்க" என்று யாரும் அதிர்ந்துகூடப் பேசுவதில்லை. வாயைத் திறக்கவேண்டிய அவசியமே குழந்தைக்கு இல்லை. ஜூனில் முதல் சனிக்கிழமை பயிற்சிக்குப் போனால், "ஏன் எல்லாத்துக்கும் கையைக் காட்டறா? வார்த்தை எங்க போச்சு?" என்று கேட்டிருக்கிறார் அந்தப் பயிற்சியாளர்.

கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் கோபப்பட வேண்டாம். அது மாவட்டத்தின் தப்பு அல்ல, அந்த வீட்டின் பாசம். அங்கேயும் ரயிலில் கொய்யா விற்கும் கன்னியம்மாக்கள் இருப்பார்கள். எங்கள் ஊரிலும் வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டு மூச்சு விடாமல் இருக்கும் வீடுகள் உண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் கவுன்சிலிங் வந்தது. ஆன்சியை என்னிடம் விட்டுவிட்டு ஷைனி திருவள்ளூர் போனாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதுக்கா. எங்க வீட்டுலேருந்து நடந்து போற தூரம். ஸ்க்ரீன்ல அந்த ஸ்கூல் பேரு தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன? சந்தோஷமா சொல்லேன்!"

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

மூன்று வருடம் காத்திருந்த இடம்! அடுத்த வருடம் அது இருக்குமா? யார் சொல்ல முடியும்?

அன்று போனில் சுஜின் கத்தியது கீழே எனக்குக் கேட்டது. "அந்தக் காஞ்ச ஊர்ல என்னடி இருக்கு?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஷைனியிடம் பதில் இருந்தது. ஆனால் போனில் சொல்லிப் புரியவைக்கிற பதிலா அது? பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. பதினோராவது நாள் ஆள் நேரிலேயே வந்து நின்றார். பேசிக் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

மறுநாள் சனிக்கிழமை. "நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று ஷைனி குழந்தையை அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

மற்றதெல்லாம் சுஜின் என்னிடம் சொன்னது. மணவூரில் கூடையோடு ஏறிய கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாளாம். "ஆன்சி, யாரு இது? உன் நைனாவா?"

"ஆங்" என்றாளாம் ஆன்சி. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "என் நைனா."

எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுஜினுக்கு அந்த வார்த்தையே தெரியாது. "என்னம்மா சொல்லுது பிள்ள?" என்று கன்னியம்மாவிடமே கேட்டிருக்கிறார்.

"ஒன்னத்தான் சொல்லுது. அப்பாவாம்!"

அரை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற மகள், பிறந்து ஐந்து வருடம் கழித்து, அவரை முதல்முறையாகக் கூப்பிட்டது அப்படித்தான். கடம்பத்தூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன் அக்கா என்றார். என் முன்னாலும் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிரான்ஸ்ஃபர் பேச்சு எழவில்லை. அவர் ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக். பாஷா பாய்தான் வழி சொன்னார். "இந்த ஊரு வெயிலுக்கு ஏ.சி. மெக்கானிக் சும்மா உக்கார முடியுங்களா? என் ஷெட்டுல பாதி இடம் காலியாத்தான் கீது, வாங்க." அதுதான் அந்த டூல் பாக்ஸ்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஊருக்கு ஊர் மார்க் போடுவதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மழை எவ்வளவு, ஆஸ்பத்திரி எத்தனை, எந்த மாவட்டம் முதலிடம் என்று பட்டியல் போடுகிறோம். தேவைதான். ஆனால் உன் பிள்ளையிடம் ஒரு நாளில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எந்தப் பட்டியலாவது கேட்கிறதா? கேட்டாலும் சிக்கல்தான். பாஷா பாயின் அதே ஹாரனுக்கு ஷைனி நூற்றுக்கு நூறு போடுவாள். என் கணவர் சைபர் போடுவார். ஊர் ஒன்றுதான், தெரு ஒன்றுதான்... வாழ்கிறவர்கள் வேறு.

நேற்று காலை காபி கலந்துகொண்டிருந்தேன். சுஜின் தலையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பின்னாலேயே ஆன்சி – காக்கா இன்னாத்துக்கு கறுப்பு, நைனா இன்னாத்துக்கு ஷேவ் பண்ணல, அத்த வீட்ல இன்னா டிபன் (இந்த அத்தை நான்தான்)...

"அக்கா, இவள ஒரு பத்து நிமிசம் பாத்துக்கிடுங்க. எந்திரிச்சதுலேருந்து வாய மூடல்ல. எனக்குக் காதே வலிக்கு!"

"நல்லா வலிக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.