மீட்டர் கத்தாத கீபோர்டு

ஸ்பிரிட் வாசனை... வெளியே ஹைவேயில் லாரி போனால், மேஜை மேல் கழற்றிப் போட்டிருக்கும் கீபோர்டு கட்டைகள் எல்லாம் சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும் சத்தம். புனே பக்கம் கசார்வாடியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஷெட் எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டு ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கீபோர்டுகளைத் துடைத்து, எந்த வகை, உயிர் இருக்கிறதா என்று பார்த்து சீட்டு ஒட்டுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் கஸ்தூரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆகுர்டியில் மாமா வீட்டுக்கு வந்தவள். வேலை நிலைத்தால் புனேயில் இருக்கலாம். இல்லையென்றால் ரயிலேறிப் போய், அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். கஸ்தூரி கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கு ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் வேலை. அவள் பேசும் தமிழில் பாதி இந்தி.

ஹேர்பின்னை வளைத்து ஒரு கட்டையை நெம்பி எடுப்போம். உள்ளே ஸ்பிரிங் சாய்ந்து டக்கென்று அடித்தால் ஒரு வகை. நீலத்திலோ வெள்ளையிலோ சின்னத் துண்டு எட்டிப் பார்த்தால் இன்னொரு வகை. ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்தால் கஸ்தூரி முகத்தைச் சுளிப்பாள்.

நான் என்றால் நெம்பிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு தட்டினால் போதும், வகையைச் சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவள் வகை சொன்னதும் நான் மீட்டர் வைப்பேன். கட்டையை அழுத்தும்போது உள்ளே தகடும் தகடும் தொட்டு, மீட்டர் ‘பீப்’ என்று கத்தினால் உயிர் இருக்கிறது. கத்தாவிட்டால் சீட்டில் ‘டெட்’. சீட்டில் எங்கள் மேஜை நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயரோ தேதியோ இருக்காது.

ஒரு நாள் இருபத்திரண்டு கீபோர்டுகள் வந்தன. நல்ல கனம். கஸ்தூரி ஒன்றைத் தட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

“அரே, இது வேற டைப்புடி. வெண்ணெ மாதிரி எறங்குது, அடியில ஒண்ணும் தட்டலியே...”

“மீட்டரும் கத்தவே மாட்டேங்கு. செத்துப் போச்சுட்டி எல்லாம்.”

“சைடுல வை. ஆராமா பாக்கலாம்.”

ஒன்றை மட்டும் தன் டிராயரில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவள் லீவு. எனக்கோ அவசரம், மேஜையைக் காலி செய்து காட்டினால் நல்ல பெயர் கிடைக்கும் என்று நப்பாசை. மிச்சம் இருபத்தொன்றுக்கும் ‘டெட்’ எழுதி அனுப்பிவிட்டேன். சாயங்காலமே சுத்தியலால் உடைத்து மூட்டை கட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் சிஞ்ச்வடிலிருந்து ஒரு பிரிண்டிங் பிரஸ்காரர் வந்து அதே கீபோர்டைத்தான் கேட்டார். அவருடன் வந்த இஞ்சினியர், கஸ்தூரி எடுத்துக் கொடுத்த அந்த ஒன்றில் ஒரு கட்டையை நெம்பினார். ஹேர்பின் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. காந்தம்!

இதில் தகடும் தகடும் தொடுவதே கிடையாதாம். அழுத்தினால் காந்தம் இறங்கும், பக்கத்தில் இருக்கும் சில்லு அதை உணரும். அதுவும் கரண்ட் கொடுத்தால்தான். மீட்டர் ஜென்மத்துக்கும் கத்தாது. கூடவே கொண்டுவந்திருந்த மெஷினில் மாட்டிக் காட்டினார், எல்லா எழுத்தும் விழுந்தது.

முதலாளி எங்கள் மேஜைக்கு வந்தார். யார் செக் செய்தது என்று இந்தியில் கேட்டார்.

ஊர் ரயில் கண் முன்னால் வந்து நின்றது.

“மைனே கியா, சர்” என்றாள் கஸ்தூரி. நான்தான் செய்தேன் என்று.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் மாறப்போவதில்லை. திறக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஸ்டேஷனில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“ஏட்டி, நான்தானே எழுதுனேன்... நீ ஏன் அப்படிச் சொன்ன?”

“அட போடி. நான் வேற காம் தேடிக்குவேன். ஒன்ன ஊருக்கு அனுப்பிட்டா ஷாதிதான். அப்புறம் நீ எங்க, நான் எங்க?”

“நாளைக்கே சார்ட்ட சொல்லிருதேன்.”

சிரித்துக்கொண்டே லோக்கலில் ஏறிப் போய்விட்டாள். நான் மறுநாளும் சொல்லவில்லை, அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. வேலை நிரந்தரமான பிறகு ஸ்வீட் பாக்கெட்டோடு கட்கி குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கதவைத் திறந்தது வேறு யாரோ. அப்பா ரிட்டயர் ஆகி, குடும்பத்தோடு குடியாத்தம் பக்கம் போய்விட்டார்களாம்.

நான் புனேயிலேயே தங்கிவிட்டேன். வேலை, எனக்குப் பிடித்த கல்யாணம், பிள்ளைகள்... எல்லாம் அவள் கொடுத்தது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது பழைய கீபோர்டுகளுக்கென்றே ஆன்லைனில் ஒரு குரூப் இருக்கிறது. போட்டோ போட்டால் போதும், என்ன வகை என்று ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். அன்றைக்கு எங்களுக்குக் கேட்க ஒரு ஆள் கிடையாது. போன வாரம் ஒருவர், “ஒரு கீ கூட மீட்டரில் காட்டவில்லை, தூக்கிப் போடலாமா?” என்று கேட்டிருந்தார். போடாதீர்கள், உள்ளே ஒரு ஹேர்பின்னைக் காட்டிப் பாருங்கள் என்று எழுதினேன். ஒட்டிக்கொண்டதாம்! நன்றிமேல் நன்றி சொன்னார். எனக்கு அதைக் கஸ்தூரியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கீபோர்டையாவது பிரிக்க வேண்டும் போல...

அவளை நெட்டில் தேடாத இடமில்லை. இதை அவளாகப் படிக்கவும் வழியில்லை. படித்தது மராத்தி ஸ்கூல், தமிழ் பேச மட்டும்தான் வரும். கட்கியில் வளர்ந்த கஸ்தூரி யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், அவளுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரும் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த இருபத்தொன்றுக்கும் ‘டெட்’ எழுதியது கஸ்தூரி இல்லை. நான்.