கால்வாய்க்குள் வழி தவறிய ரோபோ

சர்வீஸ் வேலை பார்க்கிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்: மிஷின் ஒழுங்காக ஓடுகிறவரை நம் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. நான் ரோபோ சர்வீஸ். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில், தரைக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் கால்வாயைச் சோதிக்க ஒரு சின்ன ரோபோவை இறக்கினோம்.

எலியின் மூளை

பூமிக்கடியில் ஜிபிஎஸ் எடுக்காது. அதனால், எலியின் மூளை இடங்களை நினைவில் வைக்கிற விதத்தைப் பார்த்து இந்த ரோபோவைச் செய்திருக்கிறார்கள். எவ்வளவு தூரம் வந்தோம், எங்கே திரும்பினோம் என்று கணக்கு வைத்துக்கொண்டே போகும். முன்பு பார்த்த இடம் மறுபடி கண்ணில் பட்டால் கணக்கில் விழுந்த பிசகைத் திருத்திக்கொள்ளும். இதையெல்லாம் சூப்பர்வைசர் கரீம் பாயிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னா சார், குடோன்ல இருக்கிற எலியே ஜாஸ்தி. நீங்க வேற ஒண்ணு கொண்டாந்துட்டீங்களா?"

இடுப்பில் கயிறு

ஒருநாள் ரோபோ உள்ளேயே மாட்டிக்கொண்டது. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி சேறு படிந்த சுவர். ஒரு வளைவை வேறொரு வளைவு என்று நினைத்து, இல்லாத வழியில் திரும்ப முயன்று சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. நான் திரையிலிருந்து தலையைத் தூக்கினால், கால்வாய் வேலை பார்க்கும் ஏழுமலை ரோபோவை எடுக்க உள்ளே இறங்க, சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய அண்ணன் இதே கால்வாயில் இறங்கி விஷவாயுவில் செத்துப்போனவர். அதற்குப் பிறகுதான் ரோபோவையே வாங்கினார்கள்.

ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "எறங்காதீங்கண்ணா! மிஷின்தானே, போனா போவட்டும்."

திரைக்குத் திரும்பி வந்து ரோபோவை மெல்லப் பின்னால் நகர்த்தினேன். கேமராவில் உடைந்த குழாய் ஒன்று தெரிந்தது. போகும்போது பார்த்த குழாய். திரையில் இருந்த வரைபடத்தில் ரோபோவின் புள்ளி சட்டென்று சரியான இடத்துக்குத் தாவியது. அப்புறம் தானாகவே வழி பிடித்து வெளியே வந்துவிட்டது. ஏழுமலை கயிற்றை அவிழ்த்தபடி சொன்னார்:

"'போனா போவட்டும்'னு மிஷினப் பாத்து ஒருத்தர் சொல்லி இப்பதான் சார் கேக்குறேன்."

கஸ்தூரி வந்தார்

ரோபோவைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஏழுமலையின் செத்துப்போன அண்ணனின் மனைவி கஸ்தூரி மூச்சு வாங்க வந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. கொழுந்தனார் கால்வாயில் இறங்கப்போகிறார் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். ஏழுமலை முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ரோபோவைக் காட்டிக் கேட்டார்:

"போன வழியிலயே திரும்பி வந்துடுமா சார் இது?"

"வந்துடும்மா."

"அப்பவே வாங்கியிருக்கலாமே சார்."

எலியின் மூளையைப் பார்த்து ரோபோவுக்கு வழி கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதை வாங்குகிற புத்தி முதலாளிக்கு வரத்தான் ஒரு ஆள் சாக வேண்டியிருந்தது.