பாலத்தில் இறங்குகிறவர்

மலேசியாவின் ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை. தினமும் மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி பஸ் ஏறுவேன். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்துக்கு வந்ததும் பஸ் நெரிசலில் நின்றுவிடும். எங்கள் வாயில் வராத வசவு கிடையாது.

ஒருவர் மட்டும் திட்டமாட்டார். வெள்ளைத் தாடி, ஒடிசலான உடம்பு. வேலைக்குப் போட்ட கறுப்பு ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஓட்டப் பயிற்சிக்கான ஷூவை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார். ஓட்டுநர் கேட்காமலே கதவைத் திறப்பார். இவர் இறங்கி நடப்பார்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதுக்கு அங்கிள் இந்தப் புகையில நடக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இனிப்பு நீர், தம்பி. சோத்தைக் குறைச்சாச்சு, காப்பிக்குச் சீனியும் இல்ல. நடக்கறதுதான் கஷ்டம். வீட்டுப் பக்கம் நடந்தா பத்து நிமிஷத்துல திரும்பிடுவேன். இங்க சோம்பல் வந்தாலும் வீடு போய்ச் சேர நடந்துதான் ஆகணும் லா."

"இப்ப சுகர் எப்படி இருக்கு?"

"இந்த டிராஃபிக் ஜாம் புண்ணியத்துல கண்ட்ரோல்ல இருக்கு," என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். எங்கள் பஸ் அக்கரை சேர்வதற்குள் அவர் வீட்டுக்கே போயிருப்பார்.

போன வாரம் அதிசயமாகப் பாலம் காலியாகக் கிடந்தது. பஸ் பறந்தது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. அவர் மட்டும் ஷூவை மாற்றிக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.